ஒட்டும் ஏற்பிகளும் கூட்டாளிப் புரதங்களும்: இந்த மாதக் கேள்விகள்

லேமினினைப் பிடிக்க இன்டெக்ரின் போதுமே, சிடி151 எதற்கு? (காட்பாடி, முதுகலை மாணவி)

செல்லுக்கு அடியில் உள்ள படலத்தின் புரதம் லேமினின். அதைப் பிடிப்பது, செல்லை ஒட்டவைக்கும் ஏற்பியான இன்டெக்ரின்தான். டெட்ராஸ்பானின் என்ற சவ்வுப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த சிடி151 அதன் பக்கத்திலேயே இருந்து, ஏற்பிகளைச் சவ்வில் ஓரிடத்தில் சேர்க்கிறது, பிடியை இறுக்குகிறது. பிறவியிலேயே சிடி151 இல்லாத சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, தோலில் கொப்புளம் வந்து, காதும் கேட்காமல் போயிருக்கிறது. எதற்கு என்பது அதிலேயே தெரிகிறது.

மனிதனில் இன்டெக்ரினும் டெட்ராஸ்பானினும் மொத்தம் எத்தனை? (குடியாத்தம்)

18 ஆல்ஃபா துணை அலகு, 8 பீட்டா துணை அலகு, அவை ஜோடி சேர்ந்து 24 இன்டெக்ரின். டெட்ராஸ்பானின் 33. பாடப்புத்தகத்தைத் திறந்திருக்கலாம்.

செல்லைக் கரைத்து, ஆன்டிபாடியால் இன்டெக்ரினை இழுத்தேன், சிடி9 (இன்னொரு டெட்ராஸ்பானின்) கூட வரவில்லை. இரண்டும் சேர்வதில்லை என்று எழுதலாமா? (ஊர் எழுதவில்லை)

ஊரைவிட முக்கியமானதை எழுதவில்லை: சவ்வைக் கரைக்க எந்த டெர்ஜெண்ட்? மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, அதைக் குறிப்பிடாத ஆய்வேடுகளும் வருகின்றன. டிரைட்டன் எக்ஸ்-100 ஒரு சதவீதம் போட்டால் டெட்ராஸ்பானின்கள் கூட்டாளிகளோடு பின்னும் வலையில் பெரும்பாலானது அறுந்துவிடும். ஆல்ஃபா3 பீட்டா1-உடன் சிடி151 போன்ற கெட்டியான ஜோடிதான் அதில் தாங்கும். சிடி9-ஐப் பார்க்க பிரிஜ் 97 அல்லது சாப்ஸ் போன்ற மென்மையான டெர்ஜெண்ட் வேண்டும். சரி, பிரிஜில் வந்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். கரையாத சவ்வுத் துண்டோடு வழிப்போக்கர்களும் வருவார்கள். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி போல சம்பந்தமில்லாத ஒன்றையும் அதே பிளாட்டில் (புரதங்களைப் பேண்டுகளாகக் காட்டும் தாளில்) தேடுங்கள். அதுவும் வந்தால் உங்கள் பேண்டுக்கு மதிப்பில்லை. அப்புறம், சாம்பிள் பஃபரில், டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் போட்டீர்களா? சிடி9-க்கான பல ஆன்டிபாடிகள் டைசல்ஃபைடு உடைந்த புரதத்தை அடையாளம் காணாது. ‘வரவில்லை’ என்பது அதனாலும் இருக்கலாம். டெர்ஜெண்ட் பெயர், அளவு, வெப்பநிலை: மூன்றையும் நோட்டில் எழுதாமல் ‘சேர்கிறது’, ‘சேரவில்லை’ இரண்டையுமே எழுதாதீர்கள்.

டிரிப்சினில் எடுத்த செல்களில் இன்டெக்ரினின் ஃப்ளோ சைட்டோமெட்ரி சிக்னல் குறைகிறது. (வாலாஜா)

டிரிப்சின் புரதத்தை வெட்டும் நொதி. வெட்டிவிட்டு எங்கே போனது என்று தேடலாமா? கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பறிக்கும் இடிடிஏ மட்டும் போட்டு மெதுவாக எடுங்கள். பிறகு கால்சியமும் மெக்னீசியமும் உள்ள பஃபருக்கு மாற்றுங்கள், அவை இல்லாமல் இன்டெக்ரின் எதையும் பிடிக்காது. எந்த பஃபர் என்று எழுதியும் வையுங்கள்.

கிளான்ஸ்மன் (தட்டணு ஒன்றோடொன்று ஒட்டாத பிறவி ரத்தக்கசிவு நோய்) சந்தேகம். ரத்தம் இடிடிஏ குழாயில் இருக்கிறது, பரவாயில்லையா? (ராணிப்பேட்டை, லேப் டெக்னீஷியன்)

வேண்டாம். இந்நோயில் தேடும் இன்டெக்ரினான தட்டணுவின் ஆல்ஃபா2பி பீட்டா3 ஜோடி, கால்சியம் பறிபோன நிலையில் 37 டிகிரியில் பிரிந்துவிடும். சித்திரை மாதம் பைக் பெட்டியில் வேலூருக்கு வரும் குழாய் அந்தச் சூட்டைத் தாண்டியே வரும். சிட்ரேட்டில் எடுத்து, அறை வெப்பத்தில், அன்றைக்கே அனுப்புங்கள். ஐஸும் கூடாது, குளிர்ந்தால் தட்டணு தானாகக் கிளர்ந்துவிடும். எந்தக் குழாய் என்பதைச் சீட்டில் எழுதுங்கள்.