ஐம்பது சதவீத உதவித்தொகையும் அப்பச்சியின் சிட்டையும்

கேள்வி: மகனுக்குத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று பி.டெக். இடமும் 50 சதவீத உதவித்தொகையும் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. நான்கு ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று அந்தக் கடிதத்தை வைத்து எப்படிக் கணக்கிடுவது?

சென்ற ஆண்டு மே மாதம் இதே போன்ற கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர் எங்களுக்கு. மகள் அதை அச்செடுத்துக்கொண்டு வளவுக்கு (வீட்டின் உள்முற்றத்துக்கு) ஓடி வந்தாள். "ஐயா, பாதிக் கட்டணம் தள்ளுபடி!" என்று முதலில் என் அப்பச்சியிடம்தான் காட்டினாள். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மீதிப் பாதி எவ்வளவு, ஆத்தா?"

அப்பச்சி காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவர். அவருடைய அப்பா ரங்கூனில் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவிக் கணக்கராக இருந்தவர். அதனால் சிட்டை, பேரேடு என்ற கணக்குப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். தள்ளுபடி என்ற சொல் அப்பச்சியிடம் எடுபடாது. ஆடிக்கு முந்திய வாரம் இரவோடு இரவாக விலைச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு, மறுநாள் தள்ளுபடிப் பலகை மாட்டிய கடையில் இருந்தவர் அவர். "எதிலிருந்து தள்ளுகிறார்கள் என்று பார்" என்பார். பின்னால் விடுதியில் மகள் விசாரித்ததில், அவளுடைய தளத்தில் முழுக் கட்டணம் கட்டிய பெண் ஒருத்திகூட இல்லை. ஆளுக்கு 25, 50 என்று ஏதோ ஒரு சதவீதம் எல்லோருக்கும் கிடைத்திருந்தது. ஆகவே முதலில் அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள். அது உங்கள் மகனுக்குச் சூட்டிய மாலை என்று நினைத்தால் கணக்கு ஓடாது.

எங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தவற்றை அப்படியே சொல்கிறேன். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 4,00,000. உதவித்தொகை 2,00,000. "நீங்கள் செலுத்த வேண்டியது 2,00,000" என்று தடித்த எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் விடுதியும் உணவும் 1,38,000. தேர்வு, ஆய்வகம், காப்பீடு, பயிற்சி என்று பலவும் சேர்த்து 27,500. ஒருமுறை மட்டும் கட்டும் சேர்க்கைக் கட்டணம் 25,000. திரும்பத் தரும் காப்புத்தொகை 10,000.

அப்பச்சி சிட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். நான்கு லட்சத்து ஐந்நூறு. பாதிக் கட்டணம் போனபிறகு முதல் ஆண்டு கட்ட வேண்டியது, முழுக் கல்விக் கட்டணத்தைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம். மகள் அழாத குறை. அப்பச்சிக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு இந்த மாதிரிக் கணக்கு பிடிக்கும்.

அதன்பிறகு சிட்டையின் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தார். இந்தப் பதிலில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான் என்பேன். இடப் பக்கம், உதவித்தொகை நான்கு ஆண்டும் நிலைத்தால் என்ன ஆகும் என்பது. வலப் பக்கம், முதல் ஆண்டோடு அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பது.

ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 8.5க்குக் குறையக் கூடாது, ஒரு தாளில்கூட அரியர் இருக்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு 8.5 எம்மாத்திரம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் முதல் பருவம் என்பது வேறு ஊர், வேறு சாப்பாடு, ஆங்கிலத்தில் பாடம், கூடவே அதே 95 வாங்கிய நூறு பிள்ளைகள். அங்கே கணக்குத் தாள் ஒன்று காலை வாரினால் போதும், வலப் பத்திக்கு வந்துவிடுவோம்.

இடப் பத்தியில் கல்விக் கட்டணம் 8,00,000. விடுதி ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும் என்று வைத்து, நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,95,000. மற்றக் கட்டணங்கள் 1,10,000, சேர்க்கைக் கட்டணம் 25,000. கடிதத்தில் இல்லாத செலவுகளையும் அப்பச்சி விடவில்லை. மடிக்கணினி 60,000. பல்லவன் ரயிலில் வந்துபோவது, கைச்செலவு, துணிமணி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 வீதம் 1,60,000. ஆக 17.5 லட்சம். வலப் பத்தியில் மீதி மூன்று ஆண்டுக்கும் தலா இரண்டு லட்சம் கூடும். 23.5 லட்சம். கடிதத்தில் கட்டம் கட்டிப் போட்ட இரண்டு லட்சத்தை நாலால் பெருக்கி, எட்டு லட்சத்தில் படிப்பு முடிந்துவிடும் என்று நான் மனத்தில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"வலப் பத்தியைத் தாங்க முடியுமானால் சேர். இடப் பத்தியை நம்பிச் சேராதே" என்றார் அப்பச்சி.

அடுத்தது கடன். எங்கள் கடிதத்தில் "நிதி உதவிகள்" என்ற தலைப்பின்கீழ் உதவித்தொகைக்கு அடுத்த வரியிலேயே "100 சதவீதம் வரை கல்விக் கடன் ஏற்பாடு" என்று இருந்தது. அப்பச்சிக்குக் கோபம் வந்தது அந்த ஓர் இடத்தில்தான். "கடன் எந்த ஊரில் உதவியாயிற்று? வரவில் எழுத வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் ஒரே பக்கத்தில் எழுதினால் முதலாளி என்னைப் கல்லாப் பெட்டியடியிலிருந்து எழுப்பிவிட்டிருப்பார்" என்றார். ரங்கூனில் நடப்பு வட்டி என்றும் தவணை வட்டி என்றும் பிரித்து, செட்டியார்கள் கோயிலில் கூடி விகிதம் வைத்த காலத்துக் கதையெல்லாம் அன்று மாலை முழுக்க ஓடியது. அதை இங்கே விடுகிறேன்.

கணக்கை மட்டும் சொல்கிறேன். ஆண்டுக்கு 1,80,000 வீதம் நான்கு ஆண்டில் 7,20,000 கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்காது. தனிவட்டியாகவே எடுத்தாலும் அந்த ஐந்து ஆண்டில் 2,52,000 ஏறிவிடும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 9,72,000. அதைப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 12,850, மொத்தம் 15.4 லட்சம். படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியைக் கட்டிவந்தால் பின்னால் மாதத் தவணை 9,500 அளவில் நிற்கும். எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்குள் முடியும். நாங்கள் வட்டியை மாதாமாதம் கட்டுகிறோம். இப்போதைக்கு அது இரண்டு மூட்டை அரிசி விலைகூட இல்லை.

கடன் வாங்குவதானால் பல்கலைக்கழகம் கைகாட்டும் நிறுவனத்துக்கு முன்னால் அரசு வங்கிக்குப் போங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குச் சொத்துப் பிணையும் ஆள் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு அந்தத் தவணையில்லாக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு வந்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது. வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு உண்டு. எட்டு ஆண்டு வரைதான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

வங்கியில் நாங்கள் பட்ட அனுபவம் ஒன்று. பல்கலைக்கழகம் தந்த கட்டண விவரச் சான்றில் முதல் ஆண்டுக் கட்டணம் மட்டும் இருந்தது, விடுதிக் கணக்கே இல்லை. மேலாளர் அம்மா அதைத் திருப்பித் தந்துவிட்டார். "இதில் எழுதியிருப்பதற்குத்தான் நான் கடன் தர முடியும்" என்றார். மறுபடி எழுதிக் கேட்டு, நான்கு ஆண்டு, விடுதி, மடிக்கணினி எல்லாம் கொண்ட சான்று வருவதற்குப் பத்து நாள் ஆனது. முதலிலேயே அப்படிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை கிடைக்குமே என்று உறவினர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது, பொருந்தினாலும் கிடைத்திருக்காது. அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்கானது அது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அப்படித்தான். உங்கள் மகன் அரசுப் பள்ளி மாணவன் என்றால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கலந்தாய்வுக்குப் போவதே மேல். அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் பொறியியல் இடத்துக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கடிதம் வந்து மூன்று நாளுக்குள் 50,000 கட்டாவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்று தொலைபேசியில் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அப்பச்சி தொலைபேசியை வாங்கி, "தம்பி, நாலு கேள்வி இருக்கிறது. எழுத்தில் பதில் வந்ததும் பணம் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினோம். கல்விக் கட்டணம் இந்த ஆண்டு சேர்கிறவர்களுக்கு நான்கு ஆண்டும் மாறாதா? ஓர் ஆண்டு 8.5 தவறி மறு ஆண்டு எட்டினால் உதவித்தொகை திரும்பக் கிடைக்குமா? விடுதிக் கட்டணம் முந்திய மூன்று ஆண்டில் எவ்வளவு கூடியது? விலகினால் எவ்வளவு திரும்பும்?

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கல்விக் கட்டணம் மாறாது. போன உதவித்தொகை போனதுதான். விடுதி பற்றி "அவ்வப்போது திருத்தத்துக்கு உட்பட்டது" என்று மழுப்பினார்கள். மூன்று நாள் கெடு கடந்தும் இடம் அங்கேயே இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

விலகல் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பைப் படித்துவிடுங்கள். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்பாக விலகினால் முழுத்தொகையும் திரும்ப வேண்டும். அதில் நடைமுறைச் செலவுக்கென்று 5 சதவீதம் வரை, 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம். தேதி நெருங்க நெருங்கத் தொகை தேயும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் கடந்தால் ஒன்றும் வராது. அந்தந்த ஆண்டுக்குத் தனிச் சுற்றறிக்கை விடுவதும் உண்டு, அதையும் பாருங்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்சமும் அள்ளிக்கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த வளாகத்தின் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டுதான், விடுதிக் கட்டணத்தில் இரண்டாயிரம் குறையுமா என்று நான் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். குறையவில்லை.

அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி உள்ளூரிலேயே இருக்கிறது. அங்கே மகள் விரும்பிய பிரிவு அவளுடைய தரவரிசைக்குக் கிடைக்கவில்லை. வேறு பிரிவு போதும் என்றால் எங்கள் செலவு பல மடங்கு குறைந்திருக்கும். அவள் ஒப்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. என் கணவருடைய சேமிப்பு, புதுவயல் சாலையில் இருந்த சின்ன மனை, 7.2 லட்சம் கடன் எல்லாம் சேர்த்தால் வலப் பத்தி எட்டியது. அதன்பிறகுதான் பணம் கட்டினோம். எட்டியிருக்காவிட்டால் அனுப்பியிருக்க மாட்டேன். அதை மகளிடமும் அன்றே சொல்லிவிட்டேன்.

முதல் பருவத்தில் 8.7 வாங்கியிருக்கிறாள். இன்னும் இடப் பத்தியில்தான் இருக்கிறோம். அப்பச்சி அந்தச் சிட்டையை மூடவில்லை. காப்புத்தொகை 10,000ஐப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பற்று எழுதித் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம், "உன் பள்ளிக்கூடம் நமக்குப் பத்தாயிரம் தர வேண்டும், ரசீது பத்திரமா?" என்று கேட்கிறார்.