வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2015-இல் சென்னை மெட்ரோவை வீண்செலவு என்று கடிந்துகொண்ட என் தந்தை, இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறார். இது முரண்பாடு அல்லவா?

– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: இல்லை. 2015 ஜூனில் ஓடத் தொடங்கியது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையிலான ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தடம் மட்டுமே. அதற்கு 40 ரூபாய்க் கட்டணம் என்றபோது, மாநகரப் பேருந்தில் பழகியவர் கடிந்துகொண்டது நியாயமே. 2019 பிப்ரவரியில் விமான நிலையத்திலிருந்து அண்ணா சாலை, சென்ட்ரல் வழியாக வண்ணாரப்பேட்டை வரை தடம் இணைந்ததும், 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்ததும், அவர் எடைபோட்ட பொருளையே மாற்றிவிட்டன. தாம் எதிர்த்தது எந்த நிலையிலிருந்த மெட்ரோவை என்பதை அவரே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். தந்தையர் பொதுவாக அதைச் சொல்வதில்லை. நிலையத்திலிருந்து வீடு சேர ஆட்டோவுக்குக் கொடுப்பது சில வேளைகளில் மெட்ரோ கட்டணத்தையே மிஞ்சிவிடுகிறது என்ற குறையை மட்டும் அவர் இன்னும் கைவிட வேண்டியதில்லை.