வெறும் குழாய் வேலையா?

அன்புள்ள ஐயா,

விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹைட்ரஜனில் பறக்கும் 70 இருக்கை விமானத்தின் வடிவமைப்புதான் என் ப்ராஜெக்ட். ஏர்பஸ் தன் ஹைட்ரஜன் விமானத்தைத் தள்ளிப்போட்டதிலிருந்து மனம் சோர்ந்துவிட்டது. விமானத்தை உருவாக்கிவிட்டால் எரிபொருள் நிரப்பும் ஏற்பாடு தானாக வந்துவிடாதா? அது வெறும் குழாய் வேலைதானே? வீட்டில் ஹிண்டன்பர்க் விபத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இந்தத் துறையில் இருக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

ஹிண்டன்பர்க்கை விடுங்கள். 1937இல் எரிந்த, ஹைட்ரஜன் நிரப்பிய ஆகாயக் கப்பலை வைத்து இன்றைய விமானத்தை எடைபோட வேண்டாம். ஏர்பஸ் 2035இல் கொண்டுவருவோம் என்றது, தள்ளிவைத்தது. அதற்கு நீங்கள் ஏன் சோர்ந்துபோக வேண்டும்? 1988லேயே சோவியத்தின் டுபோலெவ் 155 தன் மூன்று எஞ்சின்களில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்துவிட்டது.

ஆனால் "வெறும் குழாய் வேலை" என்று எழுதினீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் சித்தப்பா மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பியவர். ஹோஸை மாட்டுவதற்கு முன் எர்த் ஒயரை மாட்ட வேண்டும். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சிரிஞ்சின் முனையில் மஞ்சள் வில்லையைச் செருகி எரிபொருளை உறிஞ்சுவார்கள். வில்லை பச்சையானால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஒரு சொட்டு விமானத்துக்குள் போகக்கூடாது. வீட்டில் பழைய சிரிஞ்சை வைத்து எங்களுக்குச் செய்து காட்டுவார். விமானி பெயர் ஊருக்கே தெரியும், இவர் பெயரை யாரும் கேட்டதில்லை. அந்த அலட்சியம்தான் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது தம்பி.

ஹைட்ரஜன் வந்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று யோசித்தீர்களா? மைனஸ் 253 டிகிரித் திரவத்தை ஜாடியில் பிடித்துப் பார்க்க முடியாது. அந்தக் குளிரில் தண்ணீர் என்ன, காற்றே உறைந்துபோகும். குழாயில் காற்று மிஞ்சியிருந்தால் கட்டியாகி வால்வை அடைக்கும். அதனால் முதலில் ஹீலியத்தைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, பிறகு குழாயைக் குளிரவைத்து, அதற்கப்புறம்தான் நிரப்பவே தொடங்கலாம். கசிந்தால் வாசனை கிடையாது. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

பல பத்தாண்டுகளாக ஹைட்ரஜனோடு பழகிய நாசாவே 2022 செப்டம்பரில் நிலவுப் பயணத்துக்கான ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டுக்கு நிரப்பும்போது திணறியது. எரிபொருள் குழாய் ராக்கெட்டோடு சேரும் இணைப்பில் கசிவு. என்னென்னவோ செய்து பார்த்தும் நிற்காமல் அன்றைய ஏவுதலையே ரத்து செய்தார்கள். இதே வேலையை விமான நிலையத்தில் ஒரு விமானம் இறங்கி மறுபடி கிளம்பும் இடைவெளிக்குள், நாள் முழுக்கச் செய்தாக வேண்டும்.

யுனிவர்சல் ஹைட்ரஜன் என்ற கம்பெனிக்கு இது புரிந்திருந்தது. ஹைட்ரஜன் அடைத்த கலன்களை லாரியில் கொண்டுவந்து சரக்குபோல ஏற்றிவிடலாம் என்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் அவர்களுடைய சோதனை விமானம் பறந்தது. அடுத்த வருடமே பணம் தீர்ந்து மூடிவிட்டார்கள். எனக்கு ஏர்பஸ்ஸைவிட இவர்களை நினைத்துத்தான் வருத்தம்.

சரி, துறையிலேயே இருங்கள். ப்ராஜெக்ட்டில் மட்டும் ஒரு அத்தியாயம் சேருங்கள்: உங்கள் விமானம் தரையில் நிற்கும்போது யார், எந்தக் குழாயால், எத்தனை நிமிடத்தில் நிரப்புவார்கள்? எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள்.