நாய்க்குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி உதிர்வு: வேப்பெண்ணெய் தடவலாமா?

வேண்டாம், ஏற்கெனவே தடவிவந்தால் நிறுத்திவிடுங்கள். கண்ணருகே எரிச்சல் தரும். நக்கினால் வயிற்றையும் கெடுக்கும்.

மூன்று மாதக் குட்டி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்டமாக முடி உதிர்வு, அரிப்பு இல்லை என்கிறீர்கள். டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பால்குடிப் பருவத்தில் தாயிடமிருந்து ஒட்டிக்கொள்வது. எதிர்ப்புச் சக்தி முற்றாத வயதில் பெருகுகிறது. இரண்டு மூன்று திட்டுகள்தான் என்றால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையே மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் உடனே சொறியத் துடித்தால் அது வேறு வகைச் சொறியாக இருக்கலாம், நமக்கும் தொற்றக்கூடியது.

எப்படியானாலும் கால்நடை மருத்துவரிடம் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக இரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டினால்தான் மயிர்க்காலுக்குள் இருக்கும் பூச்சி அகப்படும், பார்த்துப் பதறாதீர்கள். படர்தாமரை இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

மருந்துக்கடையில் கேட்டு ஐவர்மெக்டின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வயதில் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு களிம்பும் கூடாது. டெமோடெக்ஸ் அதில் இன்னும் பரவும்.