கணினிக் கேள்வி – பதில்: கடன் கொப்பியில் தொடங்குங்கள்

கேள்வி: இணையப் பக்கம் செய்ய உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் காணொளி பார்த்துப் படித்துவிட்டேன். வெற்றுப் பக்கத்தைத் திறந்தால் கை ஓடவில்லை. பயிற்சிக்கு எதைச் செய்யலாம்?
– மாணவி, உப்புவெளி

பதில்: உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் தினமும் கையால் எழுதும் கணக்கு ஏதாவது இருக்கும். ரியூசன் வரவு, சீட்டுக் காசு, கடைக் கடன் கொப்பி, எதையும் எடுக்கலாம். நாங்கள் கடன் கொப்பியைத்தான் சொல்வோம். பெயர், சாமான், தொகை என்று மூன்றே பெட்டிதான். ஆனால் தொடக்கத்தில் படிக்க வேண்டிய அநேகமான விஷயங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

முதல் நாள் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தொடவே வேண்டாம். கொப்பியில் உள்ள ஐந்து வரிகளை அப்படியே எச்டிஎம்எல் அட்டவணையாக அடியுங்கள். அடுத்த நாள் பெட்டிகளும் ‘சேர்’ பட்டனும். அதற்கடுத்த நாள் மொத்தம், பிறகு சேமிப்பு. ஒரே நாளில் இரண்டைச் சேர்த்தால் பிழை எதிலிருந்து வந்தது என்று பிடிப்பது கஷ்டம்.

‘சேர்’ பட்டனை அழுத்தியதும் புதிய வரி மின்னி மறைந்துவிடும். ஃபார்முக்குள் இருக்கும் பட்டன், நீங்கள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஃபார்மை அனுப்பிப் பக்கத்தையே மறுபடி ஏற்றும். அதற்கான ஃபங்ஷனின் முதல் வரியில் ‘பிரிவென்ட் டிஃபால்ட்’ போடுங்கள்.

மொத்தம் போடும் நாளில் 250 ரூபாவையும் 100 ரூபாவையும் கூட்டினால் 250100 வரும். பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துத் தொடர். கூட்டல் குறி எழுத்துத் தொடர்களை ஒட்டத்தான் செய்யும். கழித்தலும் பெருக்கலும் அதே தொடரைத் தாமே எண்ணாக்கிக்கொள்ளும். அதனால்தான் சில இடத்தில் சரியாகவும் சில இடத்தில் பிழையாகவும் வந்து குழப்புகிறது. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ‘நம்பர்’ ஃபங்ஷனுக்குள் கொடுங்கள். ஒருவர் 1,800 என்று காற்புள்ளியோடு அடித்தால் அந்த ஃபங்ஷன் ‘நான்’ (NaN) என்று திருப்பித் தரும், அதாவது ‘எண் இல்லை’. எண்ணாக்கும் முன் காற்புள்ளிகளை அகற்றுங்கள். வெறும் பெட்டி 0 ஆக மாறும் என்பதால், தொகை எழுதாமல் பட்டனை அழுத்தினால் 0 ரூபாக் கடன் ஒன்று பதிவாகும். வெறுமையைத் தனியாகச் சோதியுங்கள்.

மீன் கணக்கென்றால் நிறையைக் கிலோவில் வைக்காதீர்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 காட்டும், ஏனென்றால் கணினி இரும எண்ணில் 0.1ஐ முழுமையாக எழுத முடியாது. கிராமில், முழு எண்ணாக வையுங்கள். 750 கிராம் பாரை, கிலோ 1,800 ரூபா என்றால் 750ஐ 1800ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க 1,350 ரூபா வரும்.

சேமிப்புக்கு, உலாவிக்குள்ளேயே தரவை வைக்கும் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ போதும். அது எழுத்துத் தொடரை மட்டுமே ஏற்கும். கடன் பட்டியலை நேரே கொடுத்தால் தரவு போய், பொருளற்ற சொற்களே மிஞ்சும். பட்டியலை எழுத்துத் தொடராக்கும் ‘ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை’ செய்து போடுங்கள், அதை மறுபடி பட்டியலாக்கும் ‘ஜேசன் பார்ஸ்’ செய்து எடுங்கள். முதல் முறை திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது, ‘நல்’ வரும். அப்போது வெறும் பட்டியலோடு தொடங்கச் சொல்லாவிட்டால் முதல் கடனைச் சேர்க்கும்போதே நிரல் நின்றுவிடும்.

திகதியில் இன்னொரு பொறி உண்டு. இங்கே மீன் கணக்கு விடியுமுன்பே தொடங்கும். திகதியை எழுத்துத் தொடராக்கும் ‘டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்’ தரும் நேரம் உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறோம். எனவே அதிகாலை 4 மணிக்குப் பதிந்த கடன் முந்தைய நாள் திகதியில் விழும். பகலில் எத்தனை தரம் சோதித்தாலும் இந்தப் பிழை அகப்படாது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து ஒட்டுங்கள். மாதம் 0இல் தொடங்குவதால் 1 கூட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: கணினி இல்லை, அன்ட்ரொயிட் போன் மட்டும்தான். முடியுமா?
– வாசகர், மூதூர்

பதில்: நிச்சயம் முடியும். ‘ஏகோட்’ போன்ற எழுதி செயலி ஒன்றை நிறுவுங்கள். போன் விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தை முதலில் நிறுத்துங்கள். வரியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினாலோ நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றினாலோ நிரல் ஓடாது. கண்ணுக்கு இரண்டு குறியும் ஒன்றுபோலவே தெரிவதால் மணிக்கணக்காகத் தேடுவீர்கள். பிழைச் செய்தியைக் காட்டும் கன்சோலும் போன் உலாவியில் இலகுவில் கிடைக்காது. பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பெட்டி ஒன்று வைத்து, ‘விண்டோ ஆன் எரர்’ வழியாகச் செய்தியும் வரி எண்ணும் அதில் விழச் செய்யுங்கள். இந்த நிரலைத் தனி ஸ்கிரிப்ட்டாக, மற்ற எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் முன்னால் வையுங்கள்.

கேள்வி: வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலைப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் வருகின்றன.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: பாமினியில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போடுகிறது. யுனிகோட் மாற்றியில் கொடுத்து மாற்றிய பிறகு ஒட்டுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, ஹெட் பகுதியின் முதல் வரியிலேயே அதை அறிவியுங்கள். அந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

பெயர்ப் பெட்டிக்கு நீள வரம்பு வைத்தால் தாராளமாக வையுங்கள். ‘திருகோணமலை’ நமக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 10. உயிர்மெய்யின் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். 8 என்று வரம்பிட்டால் ‘திருகோணம’ வரைதான் அடிக்க விடும். பட்டியலை வெறுமனே வரிசைப்படுத்தினால் அறுக்குளா அவரைக்காய்க்கு முன்னால் வரும், யுனிகோட்டில் ற, வவுக்கு முன் இருப்பதால். தமிழ் என்று குறிப்பிட்டு ‘லொக்கேல் கம்பேர்’ பயன்படுத்தினால் அகரவரிசை சரியாகும்.

கேள்வி: செய்ததை இலவசமாக இணையத்தில் ஏற்றலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் இலவசப் பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றலாம். விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமல் போனால், கோப்புப் பெயரின் பெரிய, சின்ன ஆங்கில எழுத்துகளை ஒப்பிடுங்கள். விண்டோஸ் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது, கிட்ஹப் பேஜஸ் கண்டுகொள்ளும். லோக்கல் ஸ்டோரேஜ் அந்தந்த போனின் உலாவிக்குள்ளேயே இருப்பதால் அண்ணன் போனில் பதிந்த கடன் உங்கள் போனில் தெரியாது. உலாவியின் தரவை அழித்தால் கணக்கும் அழியும். கடைக்காரர் கொப்பியை இப்போதைக்குக் கைவிடக் கூடாது. இலவசக் கணக்கில் உங்கள் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும். முதல் நாள் அட்டவணையில் அடித்த உண்மையான கடன்காரர் பெயர்களை ஏற்றுவதற்கு முன்பே அழித்துவிடுங்கள். பிறகு அழித்தால் பழைய பதிப்பில் அவை இருந்துகொண்டே இருக்கும்.