ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள்: தனியாக இருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியது இதுதான். இந்த நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கீழ்த்தாடையில் சாய்ந்து புதைந்திருந்த ஞானப்பல்லை ஈறை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இன்று மூன்றாம் நாள். கன்னம் நேற்றைவிட அதிகமாக வீங்கியிருக்கிறது, வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. அறையில் தனியாக இருக்கிறீர்கள், வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. இதெல்லாம் வழக்கமானதுதானா, கிளினிக்குக்குப் போன் செய்தால் தொந்தரவு என்று நினைப்பார்களா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நினைக்க மாட்டார்கள். ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுங்கள் என்று அவர்கள் சொல்லி அனுப்பியது வெறும் மரியாதைக்காக இல்லை, உண்மையாகவே கூப்பிடச் சொல்கிறார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்க யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்ததில், புதிதாக வருகிற நம் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வலியை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் இங்கே யாருக்கும் தெரியாது.

சரி, உங்கள் வீக்கத்துக்கு வருவோம். இது எதிர்பார்த்ததுதான். புதைந்த பல்லை எடுக்க ஈறை விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பையும் கொஞ்சம் குடைந்திருப்பார்கள். பல்லையே துண்டாக்கி எடுப்பதும் உண்டு. அந்தக் காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான் வீக்கம். அது இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், அதற்குப் பிறகுதான் வடியத் தொடங்கும். வாய் திறக்காததற்குக் காரணம் தாடைத் தசை இறுகிப்போவது. அது தளர ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். கன்னத்தில் நீலமோ மஞ்சளோ படர்ந்தால் அது இரத்தக்கட்டு, தானாகவே மறையும். ஐஸ் ஒத்தடம் முதல் ஓரிரு நாளுக்குத்தான் உதவும். இனிமேல் வெளிப்பக்கமாக இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள், தாடை கொஞ்சம் இளகும்.

வலி விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது அது எந்தப் பக்கம் போகிறது என்பதை. மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்கியதும் முதல் நாளில் கடுமையாக வலித்திருக்கும். அதற்கப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சமாவது இறங்க வேண்டும். வீங்கியிருந்தாலும், இறுக்கமாக இருந்தாலும், மாத்திரை போட்டதும் அடங்குகிற வலி என்றால் காயம் ஆறிக்கொண்டு வருகிறது என்று தைரியமாக இருக்கலாம். குறைந்த வலி திரும்ப ஏறினால் அது வேறு விஷயம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வெறும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்ற வருத்தம் புதிதாக வந்த எல்லாருக்கும் இருக்கிறது. நமக்கு அலட்சியம் காட்டிவிட்டார்கள் என்றுகூடத் தோன்றும். அப்படி இல்லை. வலி மாத்திரைகளைச் சோதிக்க உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதிகமாகப் பயன்படுத்தியதே ஞானப்பல் எடுத்தவர்களின் வலியைத்தான். அதனால் இந்த வலிக்கு எது கேட்கும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். கீழ் ஞானப்பல் அறுவைக்குப் பிறகான ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2013 இல் வெளியிட்ட மதிப்பாய்வில், 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் 1000 மில்லிகிராம் பாரசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்கிறது என்று வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்ல பலன் தெரிந்தது. உங்களுக்கு இரண்டும் கொடுத்திருக்கிறார்கள் என்றால், சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதை எப்படிப் போடுகிறீர்கள் என்பது முக்கியம். வலி தாங்க முடியாமல் போன பிறகு ஒன்று, அப்புறம் இரவு ஒன்று என்று போட்டால் கேட்காது. முதல் சில நாள்கள் கடிகாரத்தைப் பார்த்து, சீட்டில் எழுதிய இடைவெளியில், எழுதிய அளவில் போடுங்கள். போட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள், தூக்கக் கலக்கத்தில் இரட்டிப்பாகப் போட்டுவிடும் ஆபத்து தவிரும். ஐபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்து அதை அவர்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு விற்கும் பல மாத்திரைகளிலும் பொடிகளிலும் அதே பாரசிட்டமால்தான் இருக்கிறது, அட்டையைப் படித்துப் பாருங்கள். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த வலி மாத்திரையை இதோடு சேர்த்துப் போட வேண்டாம். அதில் இருப்பதும் ஐபுப்ரோஃபெனோ அதன் இனத்தைச் சேர்ந்ததோ ஆக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

ஆன்டிபயாட்டிக் பற்றியும் அப்படித்தான். காக்ரேனின் 2021 மதிப்பாய்வின் கணக்குப்படி, ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க ஆரோக்கியமாக இருக்கும் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற 18 பேருக்கும் பலன் இல்லை, வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் மட்டும் வரலாம். அதனால் தேவை என்று தெரிந்தால் மட்டுமே கொடுக்கிறார்கள். அந்தத் தேவை உங்களுக்கு வந்துவிட்டதா என்பது அவர்களுக்குத் தெரிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தத் திரும்ப ஏறும் வலி. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து நிற்கும். அந்த உறைவுதான் அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாகிவிடும். ட்ரை சாக்கெட் என்பார்கள். 1896 இலேயே க்ராஃபோர்ட் என்பவர் இதை விவரித்து எழுதிவிட்டார். சாதாரணமாகப் பல் பிடுங்கினால் 100 பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரைக்கும் வருவது, கீழ் ஞானப்பல் அறுவையில் இன்னும் அதிகமாக வருகிறது. புகைப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். முதல் நாள்களில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, வேகமாகத் துப்பாதே, புகைக்காதே என்று சொல்வதெல்லாம் அந்த உறைவைக் காப்பாற்றத்தான். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வரும், அதனால் வந்தால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

எனக்கு இடது பக்கப் பல் எடுத்தபோது இது வந்தது. வலி இறங்கிக்கொண்டே வந்து, இனி ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகப் படுத்த பிறகு, நடுராத்திரியில் காதுக்குள்ளிருந்து கிளம்புவதுபோல ஒரு வலி. நெற்றிப்பொட்டு வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது, வாயில் ஒரு கெட்ட வாடை, மாத்திரைக்கு அசையவே இல்லை. விடிந்ததும் போன் செய்தேன், அன்றைக்கே வரச் சொன்னார்கள். குழியைக் கழுவிவிட்டு, கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் சேர்ந்த மருந்தை உள்ளே வைத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வலி பாதிக்குமேல் இறங்கிவிட்டது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும். சிலருக்கு அந்த மருந்தை ஒன்றிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இது பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் வரும் என்பதால் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். கிராம்பு என்று கேட்டதும் நீங்களே எண்ணெய் வாங்கிக் குழியில் விடாதீர்கள். கலக்காத கிராம்பு எண்ணெய் காயத்தைச் சுட்டுவிடும்.

தொற்று என்றால் அடையாளம் வேறு. வடிய வேண்டிய வீக்கம் நான்காம் ஐந்தாம் நாளிலும் ஏறிக்கொண்டே போகும், காய்ச்சல் வரும், சீழ் வரும், தொட்டால் கன்னம் சுடும். அன்றைக்கே கூப்பிடுங்கள். விழுங்க முடியவில்லை, எச்சிலையே விழுங்க முடியாமல் வழிகிறது, நாக்கின் அடியிலோ தொண்டைப் பக்கமோ வீங்குகிறது, மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் பல் கிளினிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரம் எதுவானாலும் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். இது அரிதுதான், ஆனால் வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். அரை மணி நேரம் துணியைக் கடித்து அழுத்தியும் நிற்காத இரத்தமும் அவசரம்தான். எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. உதடோ மோவாயோ நாக்கோ இன்னும் மரத்தே இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கீழ் ஞானப்பல்லின் வேருக்குப் பக்கத்தில் நரம்பு ஓடுகிறது. பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும், ஆனாலும் அவர்கள் பதிந்து வைத்துக் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

போனில் பேசத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பல், எந்த நாள் எடுத்தது, வலி நேற்று 10க்கு எத்தனை, இன்று எத்தனை, எங்கே பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறதா, என்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அது எவ்வளவு நேரம் தாங்கியது. அதைப் பார்த்துப் படித்தாலே போதும். கொஞ்சம் வலிக்கிறது என்று பணிவாகச் சொல்லாதீர்கள், அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். வலியால் தூங்க முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். வீங்கிய வாயோடு அந்நிய மொழி பேசுவது யாருக்கும் கஷ்டம், அதனால் மெதுவாகப் பேசலாம், திருப்பிச் சொல்லச் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் உண்டா என்றும் கேட்கலாம். இரவிலும் வார விடுமுறையிலும் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதை இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள்.

தனியாக இருப்பதுதான் உண்மையில் இதில் பாதி வலி. பக்கத்து அறையில் இருப்பவரிடமோ கூடப் படிப்பவரிடமோ, காலையும் மாலையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது கேட்கக்கூடாத உதவி இல்லை. வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், தம்பி. பயந்துவிடுவார்கள் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் குரல் மாறியிருப்பதை அம்மா கண்டுபிடித்துவிட்டால், என்ன ஆயிற்றோ என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பயப்படுவார்கள். வீக்கம் வடிய வேண்டிய நாளைச் சொல்லியே பேசுங்கள், அவர்களுக்கும் ஒரு பிடிப்பு கிடைக்கும்.

சாப்பாடு மெல்ல வேண்டாததாக, ஆறியதாக இருக்கட்டும்: தயிர், மசித்த காய்கறி, குழைத்த முட்டை, ஆறிய சூப். காயம் ஆறவில்லையே என்று சாப்பிடாமல் கிடந்தால் மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கும், காயம் ஆறவும் தாமதமாகும். தலையணையை உயர்த்திப் படுங்கள். ஒரு நாள் கழிந்துவிட்டதால் இளஞ்சூட்டு உப்புநீரால் சாப்பிட்ட பிறகு வாயை நனைக்கலாம். கொப்பளிக்க வேண்டாம், தலையைச் சாய்த்து நீரை அங்கே நிறுத்தி, தானாக வழிய விடுங்கள். மற்ற பற்களை எப்போதும்போலத் துலக்குங்கள். குழியில் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ படிந்திருந்தால் சீழ் என்று பயந்து சுரண்டிவிடாதீர்கள், அது ஆறும் காயத்தின் படலம். கரையும் தையல் ஓரிரு வாரத்தில் தானே உதிரும். ஈறு மூட சில வாரம், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம்.

அடுத்த பக்கப் பல்லையும் எடுக்க வேண்டும் என்றிருக்கிறார்கள் அல்லவா, அதற்கு இரண்டு விஷயம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால், கூட்டிப்போக ஆள் இல்லாமல் உங்களை வெளியே விட மாட்டார்கள். அன்று இரவு யாராவது கூட இருக்கவும் வேண்டும். தேதி வாங்கும்போதே அந்த ஆளையும் பேசி வைத்துவிடுங்கள். அப்புறம், ஊருக்குப் பறக்கும் முந்தைய வாரத்தில் தேதி வாங்காதீர்கள். ட்ரை சாக்கெட்டோ தொற்றோ வரக்கூடிய நாள்களில், உங்கள் வாயைத் திறந்து பார்த்தவரின் பக்கத்தில் இருப்பது நல்லது.

இப்போது மணி என்ன என்று பாருங்கள். கிளினிக் திறந்திருந்தால் இதைப் படித்து முடித்ததும் கூப்பிட்டு, மூன்றாம் நாள் வீக்கம் இப்படி இருக்கிறது, பார்க்க வர வேண்டுமா என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.