வாசகர் கேள்வி: அரசியல் அறிவியல் படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் அரசியல் அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 420,000 ரேண்ட். அதனால் அரசு பர்சரி (திருப்பிக் கட்ட வேண்டாத படிப்பு உதவி) இல்லை என்றார்கள். வங்கிக் கடன் என்றால் என் கணவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவருடைய அண்ணன், "அரசியல் படிச்சா யாரு சோறு போடுவா? அக்கவுண்டிங்ல சேரச் சொல்லு" என்கிறார். மகளோ பிடிவாதமாக இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, மகளை அனுப்புங்கள். ஆனால் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு ரேண்ட் கூட வேண்டாம்.

நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் எனக்குத் தெரியும். அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். தரும் பர்சரிக்குக் குடும்ப வருமானம் 350,000-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் 600,000 வரை சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு 2024-ல் ஒரு கடன் திட்டம் அறிவித்தார்கள். அதில் பெரும்பங்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கே ஒதுக்கப்பட்டது. மகள் விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணைக் காட்டி, பல்கலைக்கழகமே கட்டணத்தில் ஏதாவது கழிக்குமா என்றும் கேளுங்கள்.

இனி கணக்கு. வருடம் 60,000 வீதம் மூன்று வருடத்துக்கு 180,000 கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் வட்டி மட்டும்தான் கட்ட வேண்டியிருக்கும். முதல் வருடம் மாதம் 550 ரேண்ட் பெரிதாகத் தெரியாது. மூன்றாம் வருடம் அதுவே 1,650 ஆகிவிடும். படிப்பு முடிந்து ஐந்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 3,900. பட்டம் வாங்கியதும் பல பிள்ளைகள் முதலில் போவது இன்டர்ன்ஷிப்புக்கு. அங்கே கிடைப்பது சம்பளமில்லை, உதவித்தொகை. அதில் 3,900 போனால் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன மிஞ்சும்? இதே கடன் 80,000-க்குள் நின்றால் தவணை 1,740 அளவுதான். அவள் தலையெடுக்க முடியும்.

அதனால் ஹாஸ்டல் வேண்டாம். சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய் வரலாம். லேப்டாப், புத்தகம், போக்குவரத்து எல்லாம் வீட்டுச் செலவிலேயே நடக்கட்டும். கட்டணத்திலும் உங்களால் முடிந்ததை மாதாமாதம் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் வங்கிக்குப் போங்கள்.

பெரியவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை அக்கவுண்டிங்கில் தள்ளுவதுதான் எனக்குப் பெரிய பயம். இங்கே கட்டணம் மாட்யூல் கணக்கில், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, வருகிறது. ஒன்றில் தோற்றால் அதற்கே மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அப்படி இரண்டு மூன்று தோற்று, வருடம் நீண்டு, மனம் வெறுத்து நடுவில் நின்றுவிட்டால் கடன் இருக்கும், பட்டம் இருக்காது. கல்விக் கடனில் இதைவிட மோசமான நிலை இல்லை. இந்த நாட்டில் மெட்ரிக்கோடு நின்றவர்களைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை வெகு குறைவு. அந்தப் பலன் முடித்தவர்களுக்குத்தான்.

சரி, வேலை எங்கே? மாநகராட்சி, மாகாண அரசுத் துறைகள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சட்டமன்றக் குழுக்கள், வெளியுறவுத் துறை, ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை என்று பல இடம் உண்டு. 2024 மே தேர்தலில் ஆளுங்கட்சியான ஏ.என்.சி. பெரும்பான்மை இழந்து கூட்டணி ஆட்சி வந்த பிறகு, பேரம், சட்டம், பட்ஜெட் எல்லாம் புரிந்தவர்களுக்கு வேலை கூடியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வெறும் அரசியல் அறிவியல் போதாது. கூடவே பொருளாதாரமோ புள்ளியியலோ எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு நேர்காணலில் தனி மதிப்பு. சட்டப் பாடங்கள் சேர்த்துக்கொண்டால், பின்னால் எல்.எல்.பி. படிக்கவும் வழி திறந்திருக்கும்.

இன்னொன்று: ஆய்வு வேலைகளில் பல ஹானர்ஸ் கேட்கும், அதாவது நான்காவது வருடம். அதற்கும் இப்போதே கடன் போடாதீர்கள். வேலையில் சேர்ந்து படிக்கலாம், இல்லையென்றால் துறையிலேயே டியூட்டராக இருந்து கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு படிக்கலாம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பொதுச் சேவைத் துறை வாரந்தோறும் வேலைவாய்ப்புச் சுற்றறிக்கை வெளியிடுகிறது. சம்பளமும் தகுதியும் அதிலேயே இருக்கும். தனக்குப் பொருந்தும் பத்து விளம்பரத்தை எடுத்து, எது என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்று எழுதிக்கொண்டு பெரியப்பாவிடம் காட்டட்டும். வாக்குவாதம் பாதி குறையும்.

கடைசியாக, ஜாமீன். மகள் கட்டாவிட்டால் உங்கள் கணவரிடம்தான் வங்கி வரும். 2005-ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி, தவணை தவறிய காலத்தில் சேரும் வட்டியும் கட்டணங்களும், தவறிய நேரத்தில் நின்ற அசலைத் தாண்டக் கூடாது. அது ஓர் அணைதான், ஆனாலும் அசல் இரட்டிப்பாகும் அளவுக்கு உயரமான அணை. வீட்டை மட்டும் இதில் இழுக்காதீர்கள், பாண்டை, அதாவது வீட்டுக் கடனை, கூட்டிக் கட்டணம் கட்டலாம் என்று யார் சொன்னாலும் சரி. ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகக் கடன் எடுங்கள். முதல் வருட ரிசல்ட் பார்த்த பிறகு அடுத்ததற்குக் கையெழுத்துப் போடுங்கள். படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் அவகாசம், வட்டி மாறுமா, இடையில் நின்றால் எப்போதிலிருந்து தவணை என்ற மூன்றையும் வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.